ஜாப் வொர்க்கில் ஒரு ஃபார்வர்டு

எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் வாய் நீளம். அப்பா எதற்கும் சிரித்துவிட்டுப் போகிறவர். அம்மா எதற்கும் அழுகிறவள். தம்பி சூரியபிரகாஷ் மைதானத்துக்குள் எவனையும் தாண்டிப் போவான். மைதானத்துக்கு வெளியே எவன் வேண்டுமானாலும் அவனைத் தாண்டிப் போகலாம். ஆகவே சண்டை போடவேண்டிய இடத்துக்கெல்லாம் நான்தான் போவேன். ரேஷன் கடை, கரண்ட் ஆபீஸ், மீதிச் சில்லறை தராத ஒடுகத்தூர் பஸ் கண்டக்டர், எல்லாம் என் கணக்கு. அன்றைக்கு வேலூரிலிருந்து ஆம்பூருக்கு பஸ் ஏறியபோதும் அப்படித்தான் ஏறினேன். காலை டியூட்டி முடிந்து வார்டிலிருந்து நேராகக் கிளம்பியதால் வெள்ளைப் புடவையைக்கூட மாற்றவில்லை. நர்ஸ் உடுப்பில் ஒருத்தி வந்து கத்தினால் கொஞ்சம் மரியாதை கிடைக்கும் என்ற எண்ணமும் உள்ளுக்குள் இருந்தது. வெட்கக்கேடு.

விஷயம் இதுதான். சூரியபிரகாஷ் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கர் வேலை பார்த்தான். கம்பெனிக்கு விங்ஸ் என்று ஒரு கால்பந்து கிளப் உண்டு. அதில் அவன் ஃபார்வர்டு. 2004 பாலாறு லீக்கில் எல்லா அணிக்கும் எதிராக கோல் போட்டவன், பேரணாம்பட்டு ஃபிரண்ட்ஸ் அணியோடு மோதிய இரண்டு ஆட்டத்திலும் முட்டி வலி என்று வெளியே உட்கார்ந்துவிட்டான். இரண்டிலும் ஃபிரண்ட்ஸ் ஜெயித்தது. அதனால் ஃபைனலுக்குப் போகவேண்டிய வாணியம்பாடி அணி வெளியே நின்றது. அவர்கள் சும்மா இருப்பார்களா? புகார் எழுதிப் போட்டுவிட்டார்கள். இந்த ஆட்டக்காரன் விங்ஸ் ஆளே கிடையாது, ஃபிரண்ட்ஸ் கிளப்பை நடத்துகிற பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருக்கிற முதலாளி வாஹித் பாஷாவின் ஆள், அவர் சொல்லித்தான் உட்கார்ந்தான் என்று.

லீக்கில் அதற்கு விதி இருந்தது. ஆட்டக்காரன் மேல் அவன் ஆடுகிற கிளப்பைத் தவிர வெளியாள் எவருக்கும் உரிமை இருக்கக்கூடாது. இருந்தால் கிளப்புக்குத் தண்டனை. ஆட்டக்காரனோ அவன் வீட்டாரோ அதற்குப் பதிலாக எதையாவது வாங்கியிருந்தால் ஆட்டக்காரனுக்கும் இரண்டு சீசன் தடை. அடுத்த மாதம் சென்னையில் ரயில்வே செலக்‌ஷன் இருந்தது. தடை எதுவும் இல்லை என்று லீக் எழுதித் தந்தால்தான் அவன் அங்கே கால் வைக்க முடியும். வயது வரம்புப்படி அவனுக்கு அதுதான் கடைசி வருடம். ரயில்வே வேலை கிடைத்தால் அவன் வாழ்க்கை ஒரு கரையில் நிற்கும், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

முட்டி வலி விஷயத்தில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அவனை எங்கள் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தேன். ஆர்த்தோ டாக்டர் முட்டியில் ஒன்றுமில்லை என்றார். சரியாகப் பார்க்கவில்லை என்று அவரோடு வாக்குவாதம் செய்தேன். இவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நான் அவனுக்காகச் சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். போதும், வா அக்கா, போகலாம் என்று மட்டும் சொன்னான்.

விசாரணைக்கு வீட்டிலிருந்து ஒருவர் வரவேண்டும் என்று லீக்கில் கேட்டிருந்தார்கள். கடலைக்காய் பிடுங்குகிற நேரம், வரமுடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். அப்படியானால் நான் போகிறேன் என்றேன். நீ போகாதே என்றார். அம்மா, போகவே போகாதே என்று போனில் அழுதாள். தம்பியும் வரவேண்டாம் என்றான். என் வாய்க்குப் பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பயந்தாங்கொள்ளிக் குடும்பம் என்று பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டேகூட வந்தேன்.

ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியில் விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் ஜியாவுல்லா சார், ரிட்டயரான டிரில் மாஸ்டர், பல வருடம் ரெஃபரியாக விசில் ஊதியவர். பக்கத்தில் ஜெயபுஷ்பம் டீச்சர், லீக்கின் பொருளாளர். இந்தப் பக்கம் விங்ஸ் கிளப் செயலாளர் ஜெர்சன், கம்பெனியில் தோல் தரம் பார்க்கிற சூப்பர்வைசர். அவருக்கு ஒரு நாற்காலி தள்ளி வாஹித் பாஷா. நான் அவரை முதல் தடவையாகப் பார்க்கிறேன். தொப்பை வைத்த, மீசையை முறுக்கிய ஒரு முதலாளியைக் கற்பனை செய்திருந்தேன். ஒல்லியான மனிதர், நரைத்த தாடி. நான் உள்ளே வந்ததும் எழுந்து நின்று நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. தம்பி என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டான்.

ஜியாவுல்லா சார் ஜெர்சனிடம், புகாருக்கு என்ன பதில் என்று கேட்டார். ஜெர்சன் மறுத்துவிடுவார், நானும் கூடச் சேர்ந்து நாலு வார்த்தை போடலாம் என்று தயாராக இருந்தேன். அந்த ஆள் மறுக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விளக்க ஆரம்பித்தார்.

தோல் தொழிலில் ஜாப் வொர்க் என்று ஒன்று உண்டு. ஒருவர் தன் தோலை இன்னொருவர் ஷாப்பில் கொடுத்துப் பதப்படுத்தி வாங்கிக்கொள்வார். தோல் கொடுத்தவருடையது, வேலை மட்டும் செய்தவருடையது. யார் தோல் என்று தெரிய ஓரத்தில் துளை போட்டுக் குறி வைத்திருப்பார்கள். அந்தக் குறியுள்ள தோலை வேறு சரக்கோடு கலக்கக்கூடாது, கேட்டபோது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இந்தப் பக்கத்தில் அதில் ஏமாற்றுகிறவனுக்கு மறுபடி ஒரு தோல் வராது. ஜெர்சன் இதையெல்லாம் சொல்லிவிட்டு, தன் கிளப் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதற்கு ஆதாரமாகவே சொன்னார்:

"பாய் எங்க கம்பெனிக்குத் தோல் சப்ளை பண்றவரு சார். எங்களுக்கு ஒரு ஃபார்வர்டு வேணும்னு கேட்டோம். ஜாப் வொர்க் மாதிரி அனுப்பி வெச்சாரு. பையன் அவரு சரக்கு. அவரு சரக்க வெச்சே அவரு டீம அடிச்சா அது நாணயமா? அதான் ரெண்டு மேட்ச் உக்கார வெச்சோம். ஆகஸ்ட் டோர்னமெண்ட்டுக்கு அவரு கேட்டா திருப்பி அனுப்பிடுவோம். ஒரு நாள்கூட தாமதம் பண்ணதில்ல."

சொல்லிவிட்டு, பாராட்டை எதிர்பார்ப்பவர் போலச் சுற்றிப் பார்த்தார். விதியை உடைத்ததைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டது அந்த மனிதருக்குத் தெரியவே இல்லை. ஜெயபுஷ்பம் டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். ஜியாவுல்லா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்தப் பேச்சு அந்நியமாக இருந்திருக்காது. அதனால்தானோ என்னவோ, அவர் முகம் அப்படிக் கறுத்தது.

எனக்கு மூக்கு வரைக்கும் கோபம் ஏறிவிட்டது. எழுந்துவிட்டேன். என் தம்பி என்ன ஆட்டுத் தோலா, அவனுக்கு எந்த ஓரத்தில் துளை போட்டிருக்கிறீர்கள், காட்டுங்கள் பார்க்கலாம் என்று கத்தினேன். ஜெர்சன் நிஜமாகவே குழம்பிப்போய், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சிஸ்டர் என்றார். வாஹித் பாஷா பக்கம் திரும்பி, ஒரு பையனைச் சரக்கு என்று சொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். பதில் இல்லாததால் வாயடைத்துப் போய்விட்டார் என்று எனக்குப் பெருமை வேறு.

அம்மா உக்காருங்க என்று ஜியாவுல்லா சார் சொன்னார். பிறகு, இதுதான் முக்கியம், யோசித்துப் பதில் சொல்லுங்கள் என்று நிதானமாகக் கேட்டார். இந்த உரிமைக்குப் பதிலாக உங்கள் வீட்டில் யாராவது, எதையாவது பெற்றுக்கொண்டார்களா?

இல்லை என்று மட்டும் சொல்லி உட்கார்ந்திருக்கலாம். என் வாய் அதோடு நிற்குமா?

"ஒண்ணுமே வாங்கல சார். எங்கப்பா அடுத்தவங்க வீட்ல டீ குடிக்கக்கூட யோசிக்கிறவரு. நாங்க ஒருத்தர்கிட்ட கை நீட்டினது கெடையாது. நான் நர்ஸ் படிச்சதுகூட என் மார்க்குக்குத்தான். ஒரு டிரஸ்ட்ல ஸ்காலர்ஷிப் குடுத்தாங்க, ஃபீஸு, ஹாஸ்டலு எல்லாம். எங்க ஊர் பக்கத்துல யாருக்கும் கெடைக்காதது."

அறை சட்டென்று அமைதியானது. அந்த அமைதியை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் நாலு வார்த்தை சேர்க்க வாயைத் திறந்தபோது ஜெயபுஷ்பம் டீச்சர் மெதுவாகக் கேட்டார். "எந்த டிரஸ்ட்டும்மா?"

பெயர் வரவில்லை. யோசித்தேன். வரவில்லை. ஏனென்றால் எனக்குத் தெரியாது. பிளஸ் டூ முடித்த அந்தக் கோடையில் அப்பா வெளியே போய்விட்டு வந்து, உன் மார்க்கைப் பார்த்து ஒரு டிரஸ்ட் படிக்க வைக்கிறது என்றார். நான் குதித்தேன், தெருவெல்லாம் சொன்னேன். படித்தேன், முடித்தேன், வேலைக்கு வந்தேன். ஜூனியர் பெண்களிடம் இன்று வரைக்கும் என் மார்க்கைப் பற்றிப் பீற்றிக்கொள்கிறேன். ஊரில் எவனிடமும் காரணம் கேட்காமல் விட்டதில்லை நான். அந்த டிரஸ்டுக்குப் பெயர் என்ன என்று அப்பாவிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

சூரியபிரகாஷ் எழுந்தான். "சார், நான்தான் வாங்கினேன். எங்க அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. தடை போட்டுக்கோங்க, நான் கையெழுத்துப் போடறேன். அக்காவ அனுப்பிடுங்க சார்."

என்னடா வாங்கினே என்று அவனைக் கேட்டேன். ஜெர்சன் ஏதோ சொல்ல வந்தார், வாஹித் பாஷா கையை நீட்டித் தடுத்தார். "அந்தப் பொண்ணு முன்னாடி வேணாம்" என்று மிகவும் சின்னக் குரலில் சொன்னார்.

அப்போதுதான் பார்த்தேன். அந்த அறையில் ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜியாவுல்லா சார் மேசையைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். வாஹித் பாஷா பழையபடி தரையைப் பார்த்தார். முதலில் அவர் தலை குனிந்தது பதில் இல்லாமல் அல்ல, எனக்காக. நான் யார் சோற்றைத் தின்று படித்தேனோ, அவரையே பார்த்து நாங்கள் கை நீட்டியதில்லை என்று கத்தியிருக்கிறேன். அதுவும் அவர் காசில் வந்த வெள்ளைப் புடவையில். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. புடவைத் தலைப்பை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் கையில் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

"நான்தான் சார் அது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "பதிலுக்கு வாங்கினது என் படிப்பு."

அதற்குப் பிறகு எல்லாம் வெளியே வந்தது. வாஹித் பாஷாதான் சொன்னார், எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பள்ளிக்கூட டோர்னமெண்ட்டில் தம்பி ஆடியதைப் பார்த்திருக்கிறார். அப்பாவைத் தேடி வந்திருக்கிறார். மகளை நர்ஸ் படிக்கவைக்க வேண்டும், வழியில்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார். பொண்ணை நான் படிக்கவைக்கிறேன், பையன் நான் சொல்கிற டீமுக்கு ஆடட்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார். நல்ல காரியம் என்று நினைத்துத்தான் செய்தேன் என்றார். எனக்கும் அது பொய்யாகப் படவில்லை. தம்பி அதற்குப் பிறகு எத்தனை கிளப் மாறினான். ஒவ்வொரு தடவையும், என் தம்பிக்கு எவ்வளவு கிராக்கி என்று வார்டில் சொல்லிப் பூரித்திருக்கிறேன். அவன் மாறவில்லை, அனுப்பப்பட்டான்.

ஜெயபுஷ்பம் டீச்சர் தம்பிக்காகப் பேசினார். அப்போது அவன் சின்னப் பையன், தனக்கென்று ஒன்றும் வாங்கவில்லை, பெரியவர்கள் பேசி முடித்ததற்கு இவனை ஏன் தண்டிக்க வேண்டும் என்று கேட்டார். ஜியாவுல்லா சார் தம்பியிடம், உன்னைக் கேட்டார்களா என்றார். கேட்கவில்லை என்று சொல்லுடா, சொல்லித் தொலைடா என்று என் மனசு அடித்துக்கொண்டது. கேட்டார்கள் சார், சரி என்று சொன்னேன் என்றான். இரண்டு ஆட்டம் பொய்யாக உட்கார்ந்தாயே, வாணியம்பாடிப் பையன்கள் வயிற்றில் அடிக்கிறோம் என்று தெரியுமா என்றார். தெரியும் சார் என்றான்.

ஜியாவுல்லா சார் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு தீர்ப்பைச் சொன்னார். ஃபிரண்ட்ஸ் அந்த இரண்டு ஆட்டத்தில் எடுத்த புள்ளிகள் ரத்து, வாணியம்பாடி ஃபைனல் ஆடும். விங்ஸ் இரண்டு சீசன் வெளியே. வாஹித் பாஷா இனி லீக்கில் எந்தக் கிளப்பிலும் எந்தப் பொறுப்பிலும் இருக்கக்கூடாது. ஆட்டக்காரனுக்கு இரண்டு சீசன் தடை என்று விதி சொல்கிறது, உண்மையைச் சொன்னதால் அதை ஒன்றாகக் குறைக்கிறேன். தனக்கு வாங்கவில்லை என்று இவனை விட்டால், நாளைக்கு ஒவ்வொருத்தரும் அக்கா பேரிலும் அம்மா பேரிலும் வாங்குவார்கள், அப்புறம் இந்த விதிக்கு அர்த்தமில்லை என்றார். அதில் ஒரு வார்த்தைகூட அநியாயம் கிடையாது. அதுதான் என்னைக் கொன்றது. சண்டை போட ஒரு இடுக்குக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு சீசன் என்றாலும் தடை தடைதான், ரயில்வே போயிற்று.

வாஹித் பாஷா எழுந்து தன் தண்டனையைப் பற்றி ஒன்றும் பேசாமல், கையைக் கூப்பினார். "பையன மட்டும் விட்டுடுங்க சார். நாங்க அனுப்பற எடத்துக்குப் போச்சு, சரக்கு இன்னா பண்ணும்?"

இரக்கப்பட்டுத்தான் சொன்னார். சொன்ன வார்த்தை அப்புறம்தான் அவருக்கே உறைத்தது போலிருக்கிறது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் திரும்பக் கத்துவேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். எந்த வாயை வைத்துக்கொண்டு கத்துவேன்?

ஜியாவுல்லா சாரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "எனக்கு இன்னா தண்டன சார்?"

அவர் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். "ரூல்ல உனக்கு எடம் இல்லம்மா" என்றார்.

தம்பியும் நானும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தோம். மாலை ஷிஃப்ட் மாறுகிற நேரம். ஷூ கம்பெனிப் பெண்கள் கும்பல் கும்பலாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் அவனைப் பார்த்து, என்ன ஃபார்வர்டு, அடுத்த சீசனுக்காவது முட்டி சரியாகிவிடுமா என்று கிண்டல் செய்தார்கள். அவன் சிரித்துக் கையாட்டினான். எனக்கு அவர்கள் என் புடவையைப் பார்ப்பது போலவே இருந்தது. யாரும் பார்க்கவில்லை. ஒரு நர்ஸைப் பார்க்க அவர்களுக்கு என்ன வந்தது?

அவன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். நீ வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன் என்று சொன்னால் போதும், கொஞ்சம் மூச்சு விடலாம். அவன் டீக்கடையில் இரண்டு டீ சொன்னான். எனக்குச் சர்க்கரை ஜாஸ்தி என்று மறக்காமல் சொன்னான். பாய் இந்த சீசனோடு விட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார், ரயில்வேக்குப் போ, உன் பிழைப்பைப் பார் என்றிருந்தார் என்று அவனாகவே சொன்னான். புகார் சொல்கிற குரலில்லை. நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவில், டீக்கடை முன்னால், அம்மா மாதிரி அழுதேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இத்தனை வருஷமாக ஏன்டா ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். என்னைப் பைத்தியக்காரியாக ஆக்கி வைத்திருக்கிறீர்களே எல்லாரும் என்றேன். அதில்கூடப் பாதி கோபம் இருந்தது. பழக்க தோஷம்.

அவன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான். "சொல்லியிருந்தா நீ படிச்சிருக்க மாட்டியாக்கா?"

படித்திருக்க மாட்டேன்டா, உன்னை விற்று எனக்கு ஒரு படிப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தக் கோடைக்காலம் கண் முன்னால் வந்தது. பக்கத்து வயலில் என் வயதுப் பெண்கள் எல்லாம் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அதிலிருந்து எப்படியாவது வெளியே போய்விட வேண்டும் என்று நான் வெறி பிடித்து அலைந்தது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு யார் தலையில் கால் வைத்து ஏறச் சொல்லியிருந்தாலும் ஏறியிருப்பேன்.

அவனிடம் பொய் சொல்ல முடியவில்லை.

"படிச்சிருப்பேன்டா" என்றேன்.

அவன் தலையாட்டினான்.

"தெரியும்க்கா. அதான் சொல்லல."